சம்பந்தி வீட்டுப் பெட்டி: ஒரு குதிரைப்படை வீரரின் வாளும் ஏழு ரிப்பன்களும்

கேள்வி: ஏட்டுச்சுவடி

அனைவருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன். இப்போது ஓஹியோவில் மகள் வீட்டில் தங்கியிருக்கிறேன். என் சம்பந்தி அமெரிக்கர். அவருடைய கொள்ளுத்தாத்தா 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பின் ஓஹியோ குதிரைப்படைப் பிரிவு ஒன்றில் சாதாரணச் சிப்பாயாகப் பணியாற்றியவர். அவருடைய பொருள்கள் அடங்கிய மரப்பெட்டி ஒன்று மாடியறையில் கிடந்தது. சம்பந்தி அதை என்னிடம் கொண்டுவந்து வைத்து, "உங்களுக்குத்தான் பொறுமை உண்டு, பார்த்துச் சொல்லுங்கள்" என்று கூறிவிட்டார்.

பெட்டியில் இருப்பவை இவை: இரும்பு உறையோடு கூடிய வளைவாள் ஒன்று, கொக்கி கழன்ற அகலமான தோல்பட்டை, செம்பு உறை கொண்ட மூன்று தோட்டாக்கள், நான்காக மடித்து, மடிப்பு தோறும் கிழிந்துபோன படைவிடுவிப்புச் சான்றிதழ், காகித உறையில் வைத்த தகட்டுப் புகைப்படம், ஐந்து முனை வெண்கல நட்சத்திரப் பதக்கம், வெவ்வேறு ஆண்டுகள் அச்சிட்ட ஏழு பட்டு ரிப்பன்கள், செல்லுலாய்டு முகம் கொண்ட பொத்தான் பேட்ஜ், உள்ளங்கையில் அடங்கும் பொம்மைத் தண்ணீர்க்குடுவை.

பழம்பொருள் வாங்கி விற்கும் ஒருவர் வந்து பார்த்தார். வாளுக்கும் புகைப்படத்துக்கும் நல்ல விலை சொன்னார். ரிப்பன்களை விரல் நுனியால் ஒதுக்கிவிட்டு, "இவையெல்லாம் கிழவர்கள் ஒன்றுகூடி விருந்துண்டபோது வாங்கியவை, போருக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை" என்றார். சம்பந்திக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் அவரை மறுக்கவும் தெரியவில்லை. இவற்றுள் எவை போர்க்காலத்தவை, எவை பிற்காலத்தவை? பிரித்து விற்பது சரியா? போர் நடந்த இடங்களுள் ஒன்றான கெட்டிஸ்பர்க்கின் பெயரும் 1913 என்ற ஆண்டும் ஒரு ரிப்பனில் இருக்கின்றன. ஆனால் இவருடைய பிரிவோ தெற்கே அலபாமாவில் போரிட்டது என்று குடும்பத்தில் சொல்கிறார்கள். இந்த முரண்பாடும் எனக்கு விளங்கவில்லை.

பதில்: தாழ்வாரம்

ஐயா, மற்றவற்றைப் பிறகு பேசலாம். அந்த மூன்று தோட்டாக்களைத் துடைக்கவோ, திருகவோ, முனையைக் கழற்றிப் பார்க்கவோ வேண்டாம். அவை ஸ்பென்சர் கார்பைன் என்னும் குதிரைப்படையின் குட்டைத் துப்பாக்கிக்கு உரியவையாக இருக்கக்கூடும். அந்த வகைத் தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பகுதியின் விளிம்புக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். விளிம்பில் விழும் அடிதான் அதை வெடிக்கச் செய்யும். 160 ஆண்டுகள் ஆகிவிட்டதால் செத்துப்போயிருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. அசைக்காமல், சூடு படாத இடத்தில், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைத்துவிட்டு, உள்ளூர்க் காவல் துறையின் அவசரமற்ற தொலைபேசி எண்ணில் கேளுங்கள்; யாரிடம் காட்ட வேண்டும் என்று சொல்வார்கள். உங்கள் பெட்டியில் துப்பாக்கி இல்லை; இருக்கும் வீடுகளில் குழலுக்குள் குண்டு இன்னும் கிடக்கிறதா என்பதையும் அறிந்தவர் ஒருவரைக் கொண்டு பார்த்துவிட வேண்டும்.

பதில்: மணல்தேரி

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு வணக்கம். இத்தகைய பெட்டிகளை இருபது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். வந்தவர் விலை சொன்னதில் தவறில்லை. வரலாறு சொன்னதில்தான் தவறு. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வாள். கைப்பிடியின் காப்புக்குக் கீழே, வாளின் தட்டையான அடிப்பகுதியைப் பெருக்குக்கண்ணாடியால் பாருங்கள். ஒரு பக்கத்தில் தயாரித்தவரின் பெயரும், மறுபக்கத்தில் அமெரிக்க அரசின் இரண்டு எழுத்துகளும், ஆண்டும், சோதித்து ஏற்ற அலுவலரின் பெயரெழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். போர்க்காலத்தில் பெரும்பாலும் வழங்கப்பட்டது 1860ஆம் ஆண்டு மாதிரியான இலகு வாள். அதற்கு முந்தைய 1840ஆம் ஆண்டு மாதிரி கனமானது. அதைச் சிப்பாய்களே "மணிக்கட்டை ஒடிப்பவன்" என்று பெயரிட்டுத் திட்டினார்கள். இந்தப் பொறிப்புகள் அந்த வாள் அரசுக்காகச் செய்யப்பட்டது என்பதை மட்டுமே காட்டும். அதை ஏந்தியவர் உங்கள் சம்பந்தியின் கொள்ளுத்தாத்தாதான் என்பதைக் காட்டாது.

இந்த வேறுபாடு முக்கியமானது. வாளும் துப்பாக்கியும் சிப்பாயின் சொத்தல்ல, அரசின் சொத்து. போர் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அல்லது விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். 1865 மே மாத இறுதியில் வெளிவந்த பொது ஆணை ஒன்று அதற்கான விலையை வகுத்தது: காலாட்படையின் நீள்துப்பாக்கி 6 டாலர், ஸ்பென்சர் கார்பைன் 10 டாலர், மற்ற கார்பைன்களும் ரிவால்வர்களும் 8 டாலர், வாள் 3 டாலர். சிப்பாய்க்குச் சேர வேண்டிய சம்பளத்தில் இந்தத் தொகையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆகவே அவர் எதை வீட்டுக்குக் கொண்டுபோனார் என்பது படை கலைக்கப்பட்டபோது எழுதிய பட்டியலில் கணக்காகப் பதிவாகியிருக்க வாய்ப்புண்டு. வாஷிங்டனில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய பணிப் பதிவேட்டையும் ஓய்வூதியக் கோப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். பலர் முதலாவதை மட்டும் வாங்கிவிட்டு நின்றுவிடுகிறார்கள். கதையெல்லாம் இரண்டாவதில்தான் இருக்கும்.

போருக்குப் பிறகு அரசு மிஞ்சிய ஆயுதங்களைப் பெருமளவில் விற்றுத் தள்ளியது. ஊர்வலத்துக்கும் மன்றச் சடங்குக்கும் முன்னாள் வீரர்கள் அவற்றை மலிவாக வாங்கினார்கள். எனவே குதிரைப்படை வீரரின் வீட்டில் வாள் இருந்தால் அதனோடு போரிட்டார் என்று முடிவு கட்டிவிட முடியாது. அலபாமா என்று எழுதியிருக்கிறீர்கள். அது வடக்குத் தரப்பின் ஜெனரல் வில்சன் 1865 மார்ச் 22 அன்று ஏறத்தாழ 13,500 குதிரை வீரர்களோடு தொடங்கிய படையெடுப்பாக இருக்கலாம். ஓஹியோ பிரிவுகள் அதில் இருந்தன. ஏப்ரல் 2 அன்று செல்மா நகரின் அரண்களை அவர்கள் தாக்கியபோது முதன்மைத் தாக்குதலை நடத்திய டிவிஷன் (பெரும் படைப்பிரிவு) குதிரையிலிருந்து இறங்கி, ஸ்பென்சர்களோடு நடந்துதான் முன்னேறியது. இறங்கிப் போரிடும்போது நால்வரில் ஒருவர் குதிரைகளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது வழக்கம். அத்தகைய சண்டையில் வாள் காலைத் தடுக்கும் சுமைதான். ஏழு தோட்டாக்களை அடிக்கட்டைக்குள் அடைத்துவைத்துச் சுடும் கார்பைன்தான் அன்றைய ஆயுதம். உங்களிடம் உள்ள அகலமான பட்டையும், தோளில் குறுக்கே போட்டு அந்தக் கார்பைனைக் கொக்கியில் தொங்கவிடுவதற்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

இனி, அந்த வியாபாரி விரலால் ஒதுக்கிய ரிப்பன்கள். வெண்கல நட்சத்திரம் "குடியரசின் பெரும்படை" என்று பொருள்படும் பெயர் கொண்ட முன்னாள் வீரர் சங்கத்துடையது. 1866இல் இல்லினாய் மாநிலத்தின் டிகேட்டர் நகரில் தொடங்கிய அந்தச் சங்கத்தில் 1890 வாக்கில் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தனர். நட்சத்திரத்தின் நடுவில் ஒரு சிப்பாயும் ஒரு கடற்படையாளும் கைகுலுக்கும் காட்சியைப் பாருங்கள். முனைகளில் ஒவ்வொரு படைக்கும் ஒரு சின்னம் உண்டு. குறுக்காக வைத்த இரண்டு வாள்கள் குதிரைப்படைக்கு உரியவை. போரில் கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தை உருக்கி இப்பதக்கங்களைச் செய்தார்கள்.

ரிப்பன்களில் உள்ள ஊரையும் ஆண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஓஹியோவில் இச்சங்கத்தின் தேசிய மாநாடு 1888இல் கொலம்பஸிலும், 1898இல் சின்சினாட்டியிலும், 1901இல் கிளீவ்லாந்திலும், 1908இல் டொலீடோவிலும் நடந்தது. மாநாட்டு ரிப்பன்கள் ஒரு வகை. அவருடைய பிரிவு மட்டும் ஆண்டுதோறும் கூடிய ஒன்றுகூடலின் ரிப்பன்கள் வேறு வகை. இரண்டாம் வகையே அரியது, ஏனெனில் அதில் பிரிவின் எண் இருக்கும். அச்சிட்டவையும் சில நூறே இருக்கும். பொம்மைக்குடுவைக்கும் காரணம் உண்டு. ஒரே குடுவையிலிருந்து நீர் குடித்தவர்கள் என்பது அவர்கள் தங்கள் தோழமையைக் குறிக்கச் சொன்ன வழக்கு; அதனால்தான் மாநாட்டு நினைவுப்பொருள்களில் குடுவை வடிவம் அடிக்கடி வருகிறது.

கெட்டிஸ்பர்க் 1913 உங்களைக் குழப்ப வேண்டாம். அங்கே போர் நடந்த 50ஆம் ஆண்டு நினைவாக நடந்த கூடுகைக்கு, அந்தப் போரில் இருந்தவர்கள் மட்டுமல்ல, இரு தரப்பிலும் முறைப்படி விடுவிக்கப்பட்ட முன்னாள் வீரர்கள் அனைவருமே அழைக்கப்பட்டார்கள். 50,000க்கும் அதிகமானோர் கடும் வெயிலில் கூடாரங்களில் தங்கினார்கள். அவருக்கு அப்போது வயது எழுபதை ஒட்டியிருக்கும்.

பதில்: செம்பருத்தி

வணக்கம் ஐயா. அருங்காட்சியகத் துணிப் பிரிவில் பணிபுரிகிறேன். பாதுகாப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெட்டியில் மிகவும் நலிந்த பொருள் ரிப்பன்தான், வாள் அல்ல. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பட்டுக்குக் கனமும் பளபளப்பும் கூட்டுவதற்காக உலோக உப்புகளில் தோய்ப்பது வழக்கமாக இருந்தது. அந்த உப்புகள் காலப்போக்கில் இழைகளை அரித்துவிடுவதால், பார்வைக்கு முழுதாக இருக்கும் ரிப்பன்கூட மடிப்பை நீவியவுடன் சருகுபோல நொறுங்கும். ஆகவே மடிப்பு இருந்தால் இருக்கட்டும். இஸ்திரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம். அமிலமற்ற மெல்லிய தாளின் மேல் ஒவ்வொன்றையும் படுக்கையாகக் கிடத்தி, மேலே இன்னொரு தாளை மூடி, ஆழமில்லாத அட்டைப்பெட்டியில் இருட்டில் வையுங்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டினால் சில ஆண்டுகளில் நிறம் போய்விடும். கண்ணாடிக்குப் பின்னால் வெண்ணிறமாகிப் போன மாநாட்டு ரிப்பன்களை எத்தனையோ பார்த்துவிட்டேன்; மாட்டியவர்கள் அனைவரும் மிகுந்த மரியாதையோடுதான் மாட்டியிருந்தார்கள்.

செல்லுலாய்டு பொத்தானை இன்றே தனியாக எடுத்துவிடுங்கள். அது மெல்லச் சிதையும்போது வெளிவரும் ஆவி அருகிலுள்ள உலோகத்தையும் துணியையும் கெடுக்கும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். காற்றோட்டமுள்ள தாள் உறை போதும், இறுக மூடிய நெகிழிப் பை ஆகாது.

தோல்பட்டையைத் தொட்டால் விரலில் சிவப்புப் பொடி ஒட்டுகிறதா? ஒட்டினால் எண்ணெய் பூச வேண்டும் என்று கை துறுதுறுக்கும், பூசாதீர்கள். எண்ணெய் உள்ளே இறங்கித் தோலைக் கருக்கச் செய்யும், தூசியையும் பிடித்துவைக்கும், பொடியாவதை நிறுத்தவும் செய்யாது. வாளைக் கையுறை அணிந்து தொடுங்கள். விரல்ரேகையின் உப்பே துருவாக மாறிவிடும். பித்தளைக் காப்பை மெருகேற்றி மின்ன வைக்க வேண்டாம். சான்றிதழின் கிழிசலில் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும் என்று யாராவது வந்தால் அவரை வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்.

மூல மரப்பெட்டியையும் எறியாதீர்கள். ஆனால் பொருள்களை மீண்டும் அதற்குள் வைக்க வேண்டாம். ஓக் முதலிய மரங்களிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தை வெள்ளைப் பொடியாக்கிவிடும்.

ஏட்டுச்சுவடி (கேள்வி கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. தோட்டாக்களைக் காவல் துறையின் வழியாக வந்த ஒரு நிபுணர் எடுத்துச் சென்றார். ஸ்பென்சருக்கு உரியவைதான் என்று கூறினார்; மூன்றுமே வெடிக்கும் நிலையில் இருந்தனவாம். இத்தனை காலமும் வீட்டுப் பேரப்பிள்ளைகள் அவற்றை உருட்டி விளையாடியிருக்கிறார்கள் என்பதைச் சம்பந்தியம்மா சொல்லக் கேட்டு எனக்குக் கை நடுங்கிவிட்டது.

ரிப்பன்களை வரிசைப்படுத்தினேன். 1888 கொலம்பஸ் முதல் 1913 கெட்டிஸ்பர்க் வரை ஏழு. அவற்றுள் மூன்று பிரிவின் எண்ணோடு கூடியவை. ஒரு ரிப்பனை அடியில் அட்டையைச் செருகித் திருப்பியபோது, மறுபக்கம் முழுக்கக் கறுப்பாக, வெள்ளி எழுத்துகளோடு இருந்தது. இது என்ன என்று விளங்கவில்லை.

இன்னொரு ஐயம். புகைப்படத்தில் அவர் வாளை வலது இடுப்பில் அணிந்திருக்கிறார். அந்த வியாபாரி இதைக் காட்டித்தான் இவர் இடக்கைக்காரர், அதனால் படம் அரியது என்று விலையைக் கூட்டினார். உண்மையா? காகித உறையின் பின்புறம் 2 சென்ட் மதிப்புள்ள சிறு முத்திரைத்தலை ஒன்றும் ஒட்டியிருக்கிறது.

பதில்: மணல்தேரி

இடக்கைக்காரரும் இல்லை, ஒன்றும் இல்லை ஐயா! டின்டைப் என்னும் இரும்புத் தகட்டுப் படம் கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் போல இடம் வலமாக மாறியே பதியும். சட்டைப் பொத்தான்கள் எந்தப் பக்கம் மூடியிருக்கின்றன என்று பாருங்கள், அவையும் மாறியிருக்கும். வாள் இடது இடுப்பில்தான் இருந்தது.

முத்திரைத்தலை நல்ல சாட்சி. போர்ச் செலவுக்காகப் புகைப்படங்களுக்கும் வரி விதித்தார்கள். 1864 செப்டம்பர் 1 முதல் 1866 ஆகஸ்ட் 1 வரைதான் அந்த வரி இருந்தது. 2 சென்ட் என்றால் படத்தின் விலை 25 சென்ட்டுக்கு மேல் இல்லை. ஆகவே அந்தப் படம் போரின் கடைசிக் கட்டத்தில் அல்லது வீடு திரும்பிய கையோடு எடுத்தது. ஆனால் ஒன்று: புகைப்படக்காரர்கள் வாளையும் ரிவால்வரையும் தாங்களே வைத்திருந்து, படம் எடுக்க வருபவர் கையில் கொடுப்பதும் உண்டு. ஆதலால் படத்து வாளும் பெட்டி வாளும் ஒன்றே என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

கறுப்புப் பக்கம் துக்கத்துக்கு உரியது. கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் வண்ணப் பக்கத்தை வெளியே காட்டி அணிவார்கள்; தோழர் ஒருவர் இறந்தால் அதே ரிப்பனைத் திருப்பிக் குத்திக்கொண்டு சவ ஊர்வலத்தில் நடப்பார்கள். ஊசித்துளைகள் எந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கின்றன என்று பெருக்குக்கண்ணாடியால் பாருங்கள்.

பதில்: வைகறை

ஒரு மாற்றுக் கருத்து. ரிப்பன்களின் அருமையை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை சொல்லாமல் விடுவதையும் கவனிக்க வேண்டும். 1913இல் கெட்டிஸ்பர்க்கில் இரு தரப்புக் கிழவர்களும் கற்சுவரின் மேல் கைகுலுக்கிக்கொண்ட காட்சி புகழ்பெற்றது. அங்கே வீரம் பேசப்பட்டது, சகோதரத்துவம் பேசப்பட்டது. போருக்குக் காரணமான அடிமைமுறை பேசப்படவில்லை. வடக்குக்காகப் போரிட்ட கறுப்பினக் குதிரைப்படைப் பிரிவுகளும் இருந்தன. 1865 ஏப்ரல் 3 அன்று, தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குள் முதலில் நுழைந்த படைகளுள் மாசசூசெட்ஸின் கறுப்பினக் குதிரைப்படையும் ஒன்று. அத்தகையோருக்கு அந்தக் கைகுலுக்கலில் இடம் இருக்கவில்லை. ரிப்பனை வரலாற்றுச் சான்றாக வைக்கும்போது இதையும் ஒரு வரி எழுதி உடன் வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

ஏட்டுச்சுவடி (கேள்வி கேட்டவர்)

சில வாரங்கள் கழித்து எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆவணக் காப்பகத்திலிருந்து இரண்டு கோப்புகளும் வந்து சேர்ந்தன.

படை கலைக்கப்பட்டபோது எழுதிய பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே, எடுத்துக்கொண்ட ஆயுதத்துக்காக 10 டாலர் பிடித்தம் என்று இருக்கிறது. மணல்தேரி அவர்களின் விலைப்பட்டியலோடு ஒப்பிட்டால் அது ஸ்பென்சர் கார்பைன். வாளுக்கு உரிய 3 டாலர் பிடிக்கப்படவில்லை. ஆக, அவர் விலை கொடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த துப்பாக்கி எங்கோ போய்விட்டது. எஞ்சியிருக்கும் வாள் அவர் போரிலிருந்து கொண்டுவந்ததாகத் தெரியவில்லை. இதைப் படித்துக் காட்டியபோது சம்பந்தி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அவருடைய பாட்டனார் பஞ்ச காலத்தில் ஒரு துப்பாக்கியை விற்றதாகச் சிறுவயதில் கேட்ட நினைவு இருக்கிறது என்றார்.

ஓய்வூதியக் கோப்பு அறுபது பக்கங்களுக்கு மேல். குதிரை இடறி விழுந்து, சேணத்தின் முன்மேடு வயிற்றில் அழுந்தியதால் ஏற்பட்ட குடலிறக்கத்துக்காக மனுச் செய்திருக்கிறார். படைப்பணியில்தான் அந்தக் காயம் ஏற்பட்டது என்று நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அன்று இருந்தது; 1890இல் சட்டம் தளர்ந்த பிறகுதான் அந்தக் கட்டாயம் நீங்கியது. படை மருத்துவமனைக் குறிப்பு எதுவும் இல்லாததால் அவருடைய முதல் மனுவைத் தள்ளிவிட்டார்கள். அதன்பின் ஒரு தோழரின் பிரமாண வாக்குமூலம் இணைக்கப்பட்டிருக்கிறது. தாம் அருகிலேயே வந்துகொண்டிருந்ததாகவும், குதிரைக்கு அடியிலிருந்து அவரை இழுத்ததே தாம்தான் என்றும் அந்தத் தோழர் கூறுகிறார். இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தாங்கள் சந்திக்கவில்லை என்றும், கொலம்பஸ் மாநாட்டில்தான் மீண்டும் கண்டுகொண்டதாகவும் அதிலேயே எழுதியிருக்கிறது. வாக்குமூலத்தின் தேதி 1888 அக்டோபர். மாநாடு நடந்தது செப்டம்பரில். அதற்கு அடுத்த ஆண்டு ஓய்வூதியம் அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

கறுப்புப் பக்கத்தின் ஊசித்துளைகளையும் எண்ணிப் பார்த்தேன். முன்பக்கத்தில் இரண்டே துளைகள். பின்பக்கத்தில் துளைகள் பெருகி, ஓரிடத்தில் இழையே அறுந்து சிறு பொத்தலாகியிருக்கிறது.

வியாபாரி மறுபடியும் தொலைபேசியில் அழைத்தார். வாளை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். பட்டியலின் நகலையும் அவருக்குக் கொடுத்தோம், மறைத்து விற்க எங்களுக்கு விருப்பமில்லை. அதைப் படித்த பிறகு விலையைப் பாதியாகக் குறைத்துவிட்டார். இப்போது வாள் எங்களிடமே இருக்கிறது. 1888 ரிப்பனை அந்த வாக்குமூலத்தின் நகலோடு சேர்த்து ஒரே பெட்டியில் வைக்கலாமா, அல்லது தாள் பட்டைப் பாதிக்குமா என்பதைச் செம்பருத்தி அவர்கள் கூற வேண்டும்.

பதில்: செம்பருத்தி

நகலை அமிலமற்ற தாளில் எடுத்து, தனி உறையில் இட்டு, ரிப்பனுக்கு அடியில் வையுங்கள் ஐயா, மேலே வேண்டாம். கறுப்பு ரிப்பனை எந்தப் பக்கம் மேலாக வைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். இழை அறுந்த பக்கம் மேலே இருக்கட்டும். நலிந்த பக்கத்தின் மேல் பாரம் அழுந்தக் கூடாது.